இடப்பக்கத்துப் பிரேக்

சிதம்பரத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். கற்றுக்கொள்கிறவர் வலப்பக்கம் உட்காருவார், நான் இடப்பக்கம். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் என் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. அவர்கள் தடுமாறினால் நான் மிதிப்பேன், வண்டி நின்றுவிடும். ஸ்டியரிங் அவர்கள் கையில், உயிர் என் காலில் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். கிண்டல்தான், ஆனாலும் கேட்க எனக்குப் பிடிக்கும். இத்தனை வருடத்தில் என் வண்டி ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. சாயங்கால நேரத்தில் கீழவீதியில் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

தேர் ஓடும் நான்கு வீதிகள்தான் என் வகுப்பறை. கீழவீதியில் தொடங்கி தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி என்று ஒரு சுற்று. ஷேர் ஆட்டோ, சைக்கிள், மாடு, கல்யாணக் கூட்டம், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடுரோட்டில் நின்றுவிடும் வெளியூர்க்காரர்கள், எல்லாம் அங்கே உண்டு. இதைச் சமாளித்துவிட்டால் மெட்ராஸிலும் ஓட்டலாம், பெங்களூரிலும் ஓட்டலாம். என்னிடம் கற்றவர்கள் ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கண்ணு எங்க, காலு எங்க, புத்தி எங்க?" என்று நான் கத்தினால் டீக்கடையில் நிற்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள் உண்டு. மறுநாள் காலையில் சரியான நேரத்துக்கு வந்து நிற்பார்கள். இடப்பக்கத்துப் பிரேக்கை நம்பித்தான் வந்தார்கள், என் குணத்தை நம்பி யாரும் வரவில்லை.

அந்த வருடம் மாசி மகத்துக்கு முந்தைய நாள்களில் ஒரு பெண்ணைக் கிள்ளை ரோட்டில் ஓட்டவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடலுக்குச் சாமி வரப் போகிறது என்று ரோடு முழுக்கக் கூட்டம், பந்தல், கரும்பு ஜூஸ் வண்டிகள். வண்டி நின்று நின்று போனது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சீட் பெல்ட் என் இடப்பக்க மார்பில் ஒரே இடத்தில் அழுத்தியது, அழுத்திய இடம் வலித்தது. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம், "பெல்ட்டு உறுத்துது" என்றேன்.

அவர் மெக்கானிக். எங்கள் வண்டியின் இரண்டாவது பிரேக்கைப் பொருத்தியதே அவர்தான். எது உறுத்துகிறது என்று சொன்னாலும் கழற்றிப் பார்த்துவிடுவார். முதலில் பெல்ட்டில் ஸ்பான்ஜ் வைத்து வெல்வெட் துணியைச் சுற்றிக் கொடுத்தார். உறுத்தல் போகவில்லை. பெல்ட் வரும் உயரத்தை மாற்றினார். போகவில்லை. கடைசியில் பெல்ட்டையே மாற்றிப் புதிதாகப் போட்டுவிட்டு, "இப்போ உக்காந்து பாரு, பஞ்சு மாதிரி இருக்கும்" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். புது பெல்ட்டும் அதே இடத்தில்தான் உறுத்தியது.

அன்று குளிக்கும்போது கை வைத்துப் பார்த்தேன். மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது. ஈரத் தலையோடு வெளியே வந்து, "கோளாறு பெல்ட்டுல இல்லீங்க" என்றேன். அவர் கையில் இன்னும் ஸ்குரூ டிரைவர் இருந்தது.

கடலூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பது, ரிசல்டுக்குக் காத்திருப்பது எல்லாம் முடிந்து அவர் எதிரில் போய் உட்கார்ந்தபோது அவர் சுற்றி வளைக்கவில்லை. "கேன்சர்தாம்மா. ஆனா சீக்கிரம் வந்துட்டீங்க. ஆபரேஷன் பண்ணிட்டு மருந்து ஏத்தலாம். சரியாயிடும்னு நம்பித்தான் ஆரம்பிக்கிறோம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கேட்டார். "பெல்ட்டு அழுத்துனதால வந்துடுச்சா டாக்டர்? நான்தான் டைட்டா வெச்சுட்டேன்."

டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். "பெல்ட்டால வராதுங்க. உள்ள இருந்தத அது காட்டிக் குடுத்திருக்கு. அந்த பெல்ட்டுக்கு ஒரு கும்பிடு போடுங்க."

இவர் உண்மையாகவே கழற்றிய பழைய பெல்ட்டைத் தேடி எடுத்துப் பட்டறையில் ஆணியில் மாட்டி வைத்தார். அது பிறகு நடந்தது. அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வேலைக்கு எப்போ போலாம்?" இடது கையைக் கொஞ்ச காலம் தூக்கக் கூடாது, கனம் எதுவும் எடுக்கக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு நிம்மதியாக இருந்தது. இடப்பக்கம் உட்காருகிறவளுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்ப வலது கை போதும், மற்றபடி இரண்டு கால் போதும். கால்களைப் பற்றி அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். அவர் என் இருக்கையில், இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். முதுநகர் தாண்டினோம், ஆலப்பாக்கம் தாண்டினோம். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது வண்டி லேசாக இழுபட்ட மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் அவர் கால் இடப்பக்கத்துப் பிரேக் மேல் இருந்தது.

"என்னாங்க, பெடல்ல காலு வெக்காதீங்க. நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"தெரியாம வெச்சுட்டேன்."

"எனக்கு ஒண்ணும் ஆயிடல."

"தெரியும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எதிரில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது, அதனால் அழவில்லை.

பார்க்க வந்தவர்களைச் சமாளிப்பதுதான் முதல் வேலையாக இருந்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார்கள், என் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்ப்பார்கள், "அந்த வியாதியாமே" என்பார்கள். "எந்த வியாதி? பேரு இல்லாத வியாதியா? கேன்சர்" என்று நான் சத்தமாகச் சொன்னால் ஏதோ கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி காதைத் தடவிக்கொள்வார்கள். காருக்குள் சூட்டில் உட்கார்ந்ததால் வந்தது என்றார் ஒருவர். கோபம் ஜாஸ்தியாக இருக்கிறவர்களுக்குத்தான் வரும் என்றார் இன்னொருவர். கோபத்தால் வருவதாக இருந்தால் நான் முதல் வகுப்பிலேயே செத்திருப்பேன் என்று சொல்லி அவர் கொண்டுவந்த ஆப்பிளில் ஒன்றை நறுக்கி அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. கண்ணாடியில் முதலில் பார்த்த நாள் கஷ்டமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே நடத்திக் கையைத் தூக்கப் பழகச் சொன்னார்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களை எத்தனை முறை "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று விரட்டியிருக்கிறேன்? அதே குரலில் என்னை நானே விரட்டினேன். சொன்ன காலத்துக்கு முன்னதாகவே கை தலைக்கு மேல் போனது.

பிறகு மருந்து ஏற்றுவது தொடங்கியது. குறிப்பிட்ட இடைவெளியில் கடலூருக்குப் போய், காலையிலிருந்து சாயங்காலம்வரை கையில் ஊசியோடு படுத்துக் கிடக்க வேண்டும். முதல் முறை வீட்டுக்காரர் அழைத்துப்போனார். திரும்பும்போது புதுச்சத்திரம் பக்கத்தில் நான் வாந்தி எடுத்தேன். அவர் இண்டிகேட்டர்கூடப் போடாமல் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்தியபடி நிற்கிறான். வாயைத் துடைத்துக்கொண்டு நான்தான் இறங்கி அந்த பஸ்ஸைக் கை காட்டி அனுப்பி வைத்தேன். அவரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள என் உடம்பில் தெம்பு இல்லை. "அடுத்த வாட்டி நீங்க வர வேணாம், நான் பஸ்ஸுல போறேன்" என்றேன். ஆனால் பஸ் கூடவே கூடாது, கூட்டத்தில் ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்த முறைக்கான காலையில் வாசலில் ஒரு ஹாரன் சத்தம். கிள்ளையில் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி தன் காரில் வந்து நின்றாள். என்னிடம் கற்றவர்களிலேயே ரொம்பக் காலம் எடுத்துக்கொண்டவள் அவள்தான். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது வண்டியைப் பின்னால் உருளவிடாமல் பிடிக்க அவளுக்கு எத்தனை வாரம் ஆனது என்று நினைத்தாலே எனக்கு இன்னும் கால் வலிக்கும். அவளைத்தான் முதல் ஆளாக அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர்கள் என்னிடம் கற்ற மற்றப் பெண்கள். புதுக் கார் வாங்கினால் மாலை போட்டுப் படம் போடுவதற்காக வைத்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில், எனக்குத் தெரியாமல் யார் யார் எப்போது ஓட்டுவது என்று முறை போட்டிருக்கிறார்கள்.

"ஏறுங்கக்கா. லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நீயா ஓட்டப் போற?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள். ஏறி இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

அது சாதாரணக் கார். என் காலடியில் ஒரு ரப்பர் பாயைத் தவிர ஒன்றும் இல்லை. பி.முட்லூர் வரைக்கும் போவதற்குள் அந்தப் பாயை நான் மிதித்த மிதியில் அது சுருண்டு ஓரமாகப் போய்விட்டது. முன்னால் டிராக்டர் போனால் மிதித்தேன், நாய் தெரிந்தால் மிதித்தேன். "இடது பக்கம் பாரு", "கேப் விடு", "மூணாவது போடு" என்று வாயும் ஓயவில்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் அவள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. நீங்க மிதிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. உங்க பக்கம் பிரேக் கெடையாது. எம் பக்கந்தான் இருக்குது. நான் போடுவேன்."

என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கோபம் வந்தது. இறங்கி நடந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, எங்கே நடப்பது? கடலூர் இன்னும் தூரம். கால்களைத் தூக்கி சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டு, "சரி, போ" என்றேன்.

கால்களை மடித்து உட்கார்ந்ததும் பார்க்க எனக்கு ஜன்னல்தான் மிச்சம் இருந்தது. அந்த ரோட்டில் ஆயிரம் தடவை போயிருப்பேன். இரண்டு பக்கமும் இவ்வளவு சவுக்குத் தோப்பு இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். நாற்று நட்ட வயலில் கொக்கு நிற்பதைப் பார்த்தேன். எப்போதும் முன்னால் போகிற வண்டியின் பின்பக்க விளக்கைத்தான் பார்த்திருக்கிறேன். வியாதி வந்ததிலிருந்தும் அப்படித்தான் இருந்தேன், அடுத்த ரிப்போர்ட் என்ன சொல்லும், அதற்கு அடுத்தது என்ன சொல்லும் என்று எதற்கெடுத்தாலும் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு. டாக்டரும் நர்ஸும் ஓட்டுகிற வண்டி அது, அவர்களுக்கு அந்த வேலை தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது இந்த மருந்து என்ன, அது எதற்கு, பாட்டில் ஏன் மெதுவாக இறங்குகிறது என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸ் பயந்துபோய், "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒருத்தி வந்தாள். ஒரு முறை காட்டுமன்னார்கோயிலிலிருந்து அரிசி ஆலைக்காரர் வீட்டு மருமகள் வந்தாள். கற்றுக்கொள்ள வந்தபோது மாமனாருக்குத் தெரியக் கூடாது என்று முக்காடு போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தவள். இப்போது அந்த மாமனாரையே பின்சீட்டில் உட்கார வைத்துக் கல்யாணங்களுக்கு அழைத்துப்போகிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கிறாள். பஸ்ஸை முந்துவதற்கு முன் இரண்டு முறை கண்ணாடி பார்க்கிறாள். எதிரில் வருகிறவன் ஹைபீம் அடித்தால் கண்ணை இடது ஓரக் கோட்டுக்குத் திருப்புகிறாள். எல்லாம் நான் திட்டித் திட்டிச் சொன்னவை. டீச்சரும் இதையேதான் செய்தாள், அவளுக்கு அடுத்து வந்தவளும் இதையேதான் செய்தாள். ஆள்தான் வேறு, ஓட்டுவது நான் ஓட்டுவது. பக்கத்தில் மொட்டைத் தலையோடு, மூக்கருகில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஒரு நாள் மஞ்சக்குப்பத்தில் ஒரு வேன் சிக்னல் போடாமல் குறுக்கே வந்தது. கிள்ளை டீச்சர் பிள்ளைகளிடம்கூட அதட்டிப் பேசாதவள். அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "கண்ணு எங்க, காலு எங்க, புத்தி எங்க?" என்று கத்தினாள். வேன்காரன் அரண்டுபோனான். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "சாரிக்கா, தானா வந்துடுச்சு" என்றாள். மருந்து ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து அன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பாதி சிகிச்சை முடிந்து மருந்தை மாற்றினார்கள். புது மருந்தில் வாந்தி இல்லை, சாப்பாடும் இறங்கியது. நல்ல மருந்து என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் வாசலுக்குப் போய்விட்டு உள்ளே வந்தால் வீட்டுக்காரர், "ஒரு செருப்பு எங்க?" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்று வாசற்படியிலேயே கழன்று கிடந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

அவர் மெக்கானிக் இல்லையா, உடனே சோதித்துப் பார்க்க வேண்டும். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, காலுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது என்னா?"

"துணி."

"இது?"

"துணிதான். வேற துணி."

கண்ணைத் திறந்து பார்த்தால் முதலில் வைத்தது தேங்காய் ஓடு. இப்போது காலடியில் இருந்தது ஸ்பேனர். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது என் சிரிப்பு அழுகையாகிவிட்டது. மார்பை எடுக்கப் போகிறோம் என்றபோது அப்படி அழவில்லை. முடி கொத்துக் கொத்தாக வந்தபோது அழவில்லை. கால் போனால் என் இருக்கை போயிற்று. அந்த இருக்கையை விட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். "இந்த மருந்துல நரம்பு மரத்துப்போறது உண்டு. நெறைய பேருக்கு மெதுவா திரும்பி வந்துடும். சில பேருக்குக் கொஞ்சம் மிச்சம் நின்னுடும்" என்றார்.

"நான் எந்தப் பக்கம் டாக்டர்?"

"இப்போ சொல்ல முடியாதும்மா. காத்திருந்துதான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் காரின் எல் போர்டை நானே கழற்றிப் பட்டறையில் வைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. உணர்ச்சியில்லாத காலோடு அந்தப் பக்கம் உட்காருவது, நம்பி வருகிற பெண்ணுக்குச் செய்கிற துரோகம். எத்தனையோ பேர் வந்து "தைரியமா இருங்க" என்றார்கள். தைரியத்துக்கு என்னிடம் குறைவே இல்லை, காலில்தான் குறை. இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், சமையலறையில் நின்றபடி, என் பக்கம் திரும்பாமல் ஆரம்பித்தார். "வண்டி சும்மா நின்னா பேட்டரி போயிடும். வேற ஸ்கூலுக்குக் குடுத்துடலாமா?"

"குடுத்துட்டு?"

"நீ வீட்ல ரெஸ்ட் எடு."

கரண்டியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. "என்னை வேணா குடுத்துடுங்க, வண்டியக் குடுக்காதீங்க" என்றேன். அவர் போய்ப் பட்டறையிலிருந்து எல் போர்டை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினார். மறுநாளிலிருந்து அவரே இடப்பக்கம் உட்கார்ந்தார், நான் பின்சீட்டில்.

பிரேக் அவருடையது, வாய் என்னுடையது. அவர் யாரையும் அதட்ட மாட்டார், "பரவால்லம்மா, பரவால்லம்மா" என்றே வண்டியைச் சாக்கடை ஓரம்வரை விட்டுவிடுவார். பின்னாலிருந்து நான் கத்துவேன். ஓட்டுகிற பெண் முன்னால் பார்ப்பதா, பின்னால் திரும்பிக் கும்பிடுவதா என்று தவிப்பாள். ஆனாலும் அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வகுப்பைக்கூட நிறுத்தவில்லை. மருந்து ஏற்றிவிட்டு வந்த மறுநாள் மட்டும் படுத்திருப்பேன், அடுத்த நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் இருப்பேன். பின்சீட்டிலிருந்தபடியே நான் லைசென்ஸ் வாங்கவைத்த பெண்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மருந்து முடிந்தது. புதுச்சேரிக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்வதும் முடிந்தது. அதற்கும் முறை வைத்து வந்து அழைத்துப்போனார்கள். முடி துளிர்த்தது. கால் மட்டும் அவசரப்படவில்லை. முதலில் ராத்திரியெல்லாம் குத்தியது. குத்துவது நல்லது என்றார் டாக்டர். பிறகு தரையின் குளிர்ச்சி தெரிந்தது. ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேனரை ஸ்பேனர் என்று சொன்னேன். அவர் நம்பாமல் பட்டறையில் இருந்த சாமான் அத்தனையும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். நட்டையும் போல்ட்டையும்கூடப் பிரித்துச் சொன்னேன். டாக்டரும் காலைத் தட்டிப் பார்த்து, ஊசியால் தொட்டுப் பார்த்து, ஓட்டலாம் என்றார். கிள்ளை வரைக்கும் தனியாக ஓட்டிக்கொண்டு போய், டீச்சர் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தேன்.

ஓட்டுவது வேறு, இடப்பக்கம் உட்காருவது வேறு. ஓட்டுகிறவருக்குத் தான் செய்யப் போவது தெரியும். பக்கத்தில் இருப்பவளுக்கு அடுத்தவர் செய்யப் போகிற தப்புக்கு முன்னால் கால் போக வேண்டும். மைதானத்தில் வீட்டுக்காரரைக் கற்றுக்கொள்கிறவராக உட்கார வைத்துப் பழகினேன். வேண்டுமென்றே தப்பு செய்வார், நான் மிதிப்பேன், வண்டி நிற்கும். ஆனால் தப்பு செய்வதற்கு முன்னால் அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பார், எனக்குத் தெரிந்துவிடும். எதிர்பார்த்துப் போடுகிற பிரேக்கை யாரும் போடலாம். எதிர்பாராத ஒன்று வந்தால் இந்தக் கால் போகுமா? இதை மைதானத்தில் சோதிக்க வழியில்லை. அவர் சரியாகிவிட்டது என்றார், டாக்டர் சரியாகிவிட்டது என்றார். எனக்கு மட்டும் தெரியவில்லை. கூட்டமில்லாத ரோடுகளில், நடக்கிற வேகத்தில் மட்டும் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். பின்சீட்டில் அவர் வந்து உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நாளில் அவரை வர வேண்டாம் என்றேன்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். என் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. குட்டையாக முடி வெட்டிய, சிடுசிடுவென்ற ஒரு மேடம், அவ்வளவுதான். நன்றாகவே ஓட்டினாள். ஒரு காலை நேரம், கடைகள் இன்னும் திறக்காத வேளையில், முதல் முறையாக அவளைத் தேர் வீதிகளில் விட்டேன். கீழவீதி தாண்டினாள், தெற்கு வீதி தாண்டினாள். மேலவீதியில் திரும்பியதும் கொஞ்சம் தைரியம் வந்து வேகத்தைக் கூட்டினாள். நானும், "நல்லாப் போற" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேரியரில் வாழையிலைக் கட்டு வைத்த சைக்கிளில் ஒரு பெரியவர் சந்துக்குள்ளிருந்து நேராக எங்கள் முன்னால் வந்தார்.

நான் எதையும் நினைக்கவில்லை. வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. பெல்ட் என்னைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. பெரியவரின் வாழையிலைக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகலாம். அவர் எங்களை முறைத்துவிட்டு, "பாத்து வாங்கம்மா" என்று சொல்லிச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மேடம், பாத்தீங்களா? பட்டுனு நானே பிரேக் போட்டுட்டேன்!"

என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். அவள் கால் ஆக்ஸிலேட்டர் மேல்தான் இருந்தது, அழுத்தியபடி. என் இடது கால் கிளட்சில் இருந்தது, வலது கால் பிரேக்கைக் கடைசிவரை இறக்கி வைத்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே அந்த ரப்பரின் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்தது. எடுக்க மனம் வராமல் மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

நல்ல வாத்தியார் யாராக இருந்தாலும் அந்தச் சந்தோஷத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்திருப்பார்.

"நீ இல்லம்மா" என்றேன். "நான் போட்டேன்."

அவள் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்தும் என்னால் அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீரோடு இன்னொரு முறையும் சொன்னேன். "நான்தான் போட்டேன்."